பெயர் மறைந்த பெண் முன்னோடிகள் : இசை, அறிவியல், வானூர்தி

தோற்றுவாய்

புறநானூற்றின் 112ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. "இதைப் பாடியவர் பெயர் என்ன?" என்று மாணவர் கேட்பர். "பாரி மகளிர்" என்போம். "அது தந்தையின் பெயரல்லவா? பாடியவரின் பெயர் எது?" என்று விடாது வினவுவர். அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால வழக்கில் வந்து சேர்ந்தவை. தொகை நூலில் அவை இல்லை. தந்தையை இழந்த பெருந்துயரை ஒரு சிறு பாட்டிற்குள் அடக்கிக் கேட்டோர் நெஞ்சையெல்லாம் கலங்கச் செய்த அம்மகளிர், தம் பெயரால் அறியப்படவில்லை. அதே நூலின் 86ஆம் பாட்டைப் பாடியவரும் காவற்பெண்டு எனத் தம் தொழிலாலேயே சுட்டப்படுகிறார்.

பாட்டு நின்றது; பாடியவர் பெயர் நிற்கவில்லை. இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதா? பழங்காலத்துக்கு மட்டும் உரியதா? இவ்வினாக்களுக்கு விடை காணும் பொருட்டு, இசை, அறிவியல், வானூர்தி ஆகிய மூன்று துறைகளில் முன்னோடிகளாக விளங்கியும் உரிய இடம் பெறாத பெண்மணிகள் சிலரை ஈண்டு நோக்குவோம். அவர்தம் பெருமையைக் கூறுவதோடு அமையாது, அப்பெருமை எவ்வாறு மறைந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஜ்லியின் மகள்

பக்தாதில் வாழ்ந்த நூல் வணிகரான இப்னு நதீம், தம் காலம் வரை அரபு மொழியில் கிடைத்த நூல்களையும் அவற்றை ஆக்கியோரையும் பற்றி 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பெருந்தொகுப்பைக் கி.பி. 987இல் எழுதினார். அதில் வானியற் கருவிகளைச் செய்த கைவினைஞர்களின் பட்டியல் ஒன்று உளது. அஸ்தர்லாப் என்னும் கருவி, விண்மீன்களின் உயரத்தை அளந்து நேரத்தைக் கணிக்கப் பயன்படுவது. தொழுகை நேரத்தை அறியவும் கிப்லாத் திசையைத் துணியவும் அக்காலத்தார் இதனைக் கையாண்டனர். பித்தளைத் தகட்டில் வட்டங்களையும் வளைவுகளையும் நுட்பமாகப் பொறிக்கக் கணிதமும் கைத்திறனும் ஒருங்கே வேண்டும்.

அப்பட்டியலில் அல்-இஜ்லி என்னும் கைவினைஞரின் பெயரை அடுத்து, அவர் மகள் அல்-இஜ்லிய்யா குறிக்கப்படுகிறார். தந்தைக்கு ஆசிரியராக இருந்தவரே அவருக்கும் ஆசிரியர். ஹலப் நகரைக் கி.பி. 945 முதல் 967 வரை ஆண்ட சைஃபுத் தவ்லாவின் அவையைச் சார்ந்தவர் அவர். அவரைப் பற்றிய பழஞ்செய்தி இவ்வளவே.

'அல்-இஜ்லிய்யா' என்பது இயற்பெயரன்று. 'இஜ்லி குலத்தவள்' என்பதே அதன் பொருள். பாரி மகளிரைப் போன்றே இவரும் தந்தை வழியாகவே அறியப்படுகிறார். இக்காலத்து எழுத்தாளர் பலர் இவருக்கு மரியம் என்று பெயர் சூட்டுவர். அஸ்தர்லாபைக் கண்டுபிடித்தவர் இவரே என்றும் எழுதுவர். மூலத்தில் அப்பெயர் இல்லை. அக்கருவியோ இவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இருந்தது. மறந்துவிடுதல் ஒரு பிழையெனில், இல்லாததைக் கூட்டுதல் மற்றொரு பிழை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வானியற் கருவி செய்யும் தொழிலில் தேர்ந்து அரசவையின் ஆதரவையும் பெற்றிருந்தார் என்பதே போதிய பெருமையன்றோ? மிகைக்கூற்று அப்பெருமையைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது.

இசை : தம்பியின் பெயரில் தமக்கையின் பாடல்

ஃபெனி மெண்டல்சன் 1805ஆம் ஆண்டு செருமனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் இவருக்கு ஏறத்தாழ மூன்றாண்டு இளையவர். இருவரும் ஒரே ஆசிரியர்களிடம் ஒருங்கே பயின்றனர். ஃபெனி தம் பதின்மூன்றாம் வயதில், பாக் இயற்றிய முன்னிசைகள் 24ஐயும் ஏட்டைப் பாராமலே பியானோவில் வாசித்துத் தந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக அளித்தார். அத்தந்தையே இரண்டு ஆண்டுகளுக்குள், 1820இல், மகளுக்குக் கடிதம் எழுதினார். இசை ஃபெலிக்ஸுக்குத் தொழிலாகலாம். உனக்கோ அது அணிகலனாகவே இருத்தல் வேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து.

ஃபெனி எழுதுவதை நிறுத்தவில்லை. தம் வாழ்நாளில் 450க்கும் மேற்பட்ட இசைப்படைப்புகளை ஆக்கினார். எனினும் அவை அச்சேறுவதைக் குடும்பம் விரும்பவில்லை. ஃபெலிக்ஸ் வெளியிட்ட 8ஆம், 9ஆம் எண் பாடல் தொகுதிகளில் மும்மூன்றாக ஆறு பாடல்கள் தமக்கையுடையவை. ஆயினும் தம்பி பெயரிலேயே அவை வெளிவந்தன. 1842இல் ஃபெலிக்ஸ் இலண்டன் அரண்மனைக்குச் சென்றபோது, விக்டோரியா அரசியார் தமக்கு மிக விருப்பமான பாடல் என்று ஒன்றைத் தேர்ந்து பாடினார். அது ஃபெனியின் பாடல். உண்மையை அவ்விடத்திலேயே ஒப்புக்கொண்ட ஃபெலிக்ஸ், அதனைத் தம் தாய்க்குக் கடிதத்திலும் எழுதினார்.

தம்பியைக் கொடியவராகக் கருதுதல் தகாது. தமக்கையின் புலமையை அவரளவு மதித்தவர் இலர். தம் படைப்புகளை அவரிடம் காட்டித் திருத்திக்கொண்டவரும் அவரே. குடும்பப் பெண்ணின் பெயர் அங்காடிக்கு வரலாகாது என்னும் காலத்தின் எண்ணம் அவரையும் கட்டியிருந்தது. ஃபெனியின் கணவரான ஓவியர் வில்ஹெல்ம் ஹென்சலோ மனைவியை எழுதுமாறும் வெளியிடுமாறும் ஊக்கினார். பெர்லினில் அவர்கள் இல்லத்தில் ஞாயிறுதோறும் நடைபெற்ற இசை அரங்குகளுக்கு ஊரே திரண்டது. 1846இல், தம் நாற்பதாம் வயதில், ஃபெனி தம் பெயரிலேயே முதல் தொகுதியை வெளியிட்டார். மறு ஆண்டு மே 14ஆம் நாள், இசை ஒத்திகையின்போதே பக்கவாதம் தாக்கி உயிர் நீத்தார்.

இதன் பின்னும் ஒரு செய்தி உண்டு. 'ஈஸ்டர் சொனாட்டா' என்னும் பியானோப் படைப்பின் கையெழுத்துப்படி ஒன்று 1970இல் பாரிசில் கிடைத்தது. ஃபெலிக்ஸ் படைத்ததாகவே அதனைக் கொண்டனர். அது ஃபெனியுடையது என்பது 2010இல் ஆய்வால் நிறுவப்பட்டது. 2017 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அவர் பெயராலேயே இசைக்கப்பட்டது. எழுதப்பட்ட ஆண்டு 1828. ஒரு படைப்பு தன்னைப் படைத்தவர் பெயரைப் பெறுவதற்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது.

அறிவியல் : தச்சுக்கூடமும் பனிப்பாதையும்

லீசா மைட்னர் 1878இல் வியன்னாவில் பிறந்தவர். 1906இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டு பெர்லின் சென்றார். வேதியியலறிஞர் ஓட்டோ ஹானுடன் இணைந்து ஆய்வு செய்ய இசைவு கிடைத்தது. ஆனால் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களுக்குள் பெண்கள் நுழையலாகாது என்பது விதி. முன்பு தச்சுக்கூடமாக இருந்த கீழறை ஒன்று, தனி வாயிலோடு அவருக்கு ஒதுக்கப்பட்டது. ஊதியமும் இல்லை. அவ்வறையிலிருந்து தொடங்கியவர் 1926இல் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். செருமனியில் இயற்பியல் பேராசிரியரான முதற்பெண் அவரே.

அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை இட்லர் கைப்பற்றியதும் அவருக்கிருந்த காப்பு நீங்கியது. அவ்வாண்டு சூலையில், முப்பது ஆண்டு உழைப்பையும் விட்டுவிட்டு, பையில் பத்து மார்க்குப் பணத்துடன் எல்லை கடந்தார். வழியில் உதவுமென்று ஹான் தம் அன்னையின் வைர மோதிரத்தை அவரிடம் கொடுத்தனுப்பினார். ஆலந்து வழியாகச் சுவீடன் சென்று தங்கினார்.

அவர் சென்ற பின்னரும் ஆய்வு தொடர்ந்தது. திசம்பரில் ஹானும் ஸ்டிராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தியபோது, விளைபொருளில் பேரியம் இருக்கக் கண்டு திகைத்தனர். பேரியமோ யுரேனியத்தினும் மிக இலேசான தனிமம். இது எவ்வாறு இயலும் என்று ஹான் மைட்னருக்கு எழுதிக் கேட்டார். விடுமுறைக்கு வந்திருந்த தம் சகோதரி மகன் ஓட்டோ பிரிஷுடன் பனி மூடிய பாதையில் நடந்தவாறே மைட்னர் சிந்தித்தார். இருவரும் ஒரு மரக்கட்டையின் மீது அமர்ந்து காகிதத் துண்டில் கணக்கிட்டனர். நீர்த்துளி நீண்டு, இடை ஒடுங்கி இரண்டாவது போல அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது; அப்போது புரோட்டானின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவு எடை குறைகிறது; அது ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளிப்படுகிறது. கணக்கு பொருந்தியது. அணுக்கருப் பிளவு என்னும் விளக்கம் அங்கேதான் பிறந்தது.

ஹானும் ஸ்டிராஸ்மனும் 1939 சனவரியில் வெளியிட்ட கட்டுரையில் மைட்னர் பெயர் இல்லை. நாடு கடந்த யூதப் பெண்ணின் பெயரைச் சேர்ப்பது அன்றைய செருமனியில் இயலாததாக இருந்திருக்கலாம். ஆனால் போர் முடிந்த பின்னரும் நிலை மாறவில்லை. 1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு ஹான் ஒருவருக்கே வழங்கப்பட்டது. மைட்னர் 1968இல் கேம்பிரிட்ஜில் மறைந்தார். 109ஆம் தனிமத்துக்கு மைட்னரியம் என்னும் பெயர் 1997இல் உறுதி செய்யப்பட்டது. அணுகுண்டு ஆக்கும் பணிக்கு அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார் என்பதும் நினைக்கத்தக்கது.

சென்னையோடு தொடர்புடைய ஒருவரையும் இங்குக் கூறுதல் கடன். அன்னா மணி 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்றார். பெங்களூரில் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒளிப்படத் தகட்டில் நிறமாலை பதிய பதினைந்து, இருபது மணி நேரமும் ஆகும். ஆய்வுக்கூடத்திலேயே உறங்கிய இரவுகள் பல. 1942 முதல் 1945 வரை தனியொருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஆய்வேட்டை அளித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ஏடு பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் பட்டம் பெற்றோர் ஏடுகளோடு ஏடாக இருந்து வந்தது.

பட்டம் இன்மையால் தமக்குப் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றே அவர் பிற்காலத்தில் கருதினார். இலண்டனில் வானிலைக் கருவியியல் பயின்று 1948இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அயல்நாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். இந்தியாவின் கதிரவ ஒளி அளவைகளைத் தொகுத்து 1980, 1981ஆம் ஆண்டுகளில் அவர் அளித்த இரு நூல்கள் சூரிய ஆற்றல் துறையினருக்குக் கையேடுகளாயின. துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்று, 2001இல் மறைந்தார். வானிலை அறிக்கையைக் கேளாத வீடில்லை. அன்னா மணியின் பெயரைக் கேட்ட வீடுகள் எத்தனை?

வானூர்தி : ஒரே வாயில் வேண்டும்

பெஸ்ஸி கோல்மன் 1892இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில், வாரக் குடியானவர் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். பருத்தி பறிக்கும் காலத்தில் பள்ளி மூடப்படும். ஏனைய நாள்களில் நான்கு மைல் நடந்து சென்று கற்றார். 1915இல் சிகாகோ சென்று, முடிதிருத்தகம் ஒன்றில் நகம் ஒப்பனை செய்யும் வேலையில் அமர்ந்தார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய தமையன், பிரான்சு நாட்டுப் பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள், உங்களால் ஆகுமா என்று எள்ளினார். அவ்வெள்ளலே இவருக்கு வழிகாட்டியாயிற்று.

அமெரிக்க விமானப் பள்ளிகள் கறுப்பினப் பெண்ணைச் சேர்க்க மறுத்தன. 'சிகாகோ டிஃபெண்டர்' இதழின் நிறுவனர் இராபர்ட் அபட், பிரான்சுக்குச் செல்லுமாறு அறிவுரை கூறினார். பெஸ்ஸி பிரெஞ்சு மொழி பயின்று, பணம் சேர்த்து, 1920 நவம்பரில் கப்பலேறினார். 1921 சூன் 15ஆம் நாள் பன்னாட்டு விமான ஓட்டுநர் உரிமம் அவர் கைக்கு வந்தது. அதனைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

நாடு திரும்பியவர் வானில் சாகசக் காட்சிகள் நடத்திப் பொருள் ஈட்டினார். தம் இனத்தார் வானூர்தி கற்க ஒரு பள்ளி நிறுவ வேண்டும் என்பதே அவர் குறிக்கோள். டெக்சாசில் ஒரு காட்சியின்போது, வெள்ளையருக்கு ஒரு வாயிலும் கறுப்பருக்கு வேறு வாயிலும் அமைக்க முற்பட்டனர். அனைவரும் ஒரே வாயிலால் நுழைந்தாலன்றிப் பறக்கமாட்டேன் என்று உறுதியாக நின்றார், வாயில் ஒன்றாயிற்று. உள்ளே இருக்கைகள் வேறாகவே இருந்தன. ஆயினும் அந்த ஒரு வாயில் சிறிய வெற்றியன்று.

1926 ஏப்ரல் 30ஆம் நாள், ஜாக்சன்வில் நகரில் மறுநாள் காட்சிக்காக நிலத்தைப் பார்வையிடச் சென்றபோது விபத்து நேர்ந்தது. விமானத்தை ஓட்டியவர் அவருடைய பொறிவினைஞர். கீழே எட்டிப் பார்க்க வேண்டி பெஸ்ஸி இருக்கைப் பட்டையை அணியவில்லை. இயக்குறுப்புகளிடையே ஒரு திருகுசாவி சிக்கிக்கொள்ள, விமானம் தலைகீழாயிற்று. அவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். அகவை முப்பத்து நான்கு. பள்ளிக் கனவு நிறைவேறவில்லை. எனினும் 1929இல் லாஸ் ஏஞ்சல்சில் அவர் பெயரால் விமானக் கழகம் தோன்றியது. 1992இல் விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், பெஸ்ஸியின் படத்தை உடன் கொண்டு சென்றார்.

நம் துணைக்கண்டத்திலும் இருவரைக் காண்கிறோம். சென்னையில் வளர்ந்த உருது எழுத்தாளர் ஹிஜாப் இம்தியாஸ் அலியும், சரளா துக்ராலும் லாகூரில் 1936இல் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றனர். சரளாவின் கணவரும் விமானி. அவர் 1939இல் விபத்தில் மறைந்தார். உலகப் போரால் பயிற்சியும் நின்றது. சரளா ஓவியமும் அணிகலன் வடிவமைப்பும் பயின்று வாழ்வை நடத்தினார். ஹிஜாபைக் கதையாசிரியராக அறிந்தோரே மிகுதி.

மறைப்பின் வகைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பெயர் மறைந்த வகைகள் ஐந்தெனலாம்.

ஒன்று, தந்தை பெயருள் அடங்கல். இஜ்லியின் மகள் நிலை இது.
இரண்டு, உடன்பிறந்தார் பெயருள் அடங்கல், ஃபெனியின் நிலை.
மூன்று, கூட்டுப்பணியில் பங்கு விடுபடல், மைட்னரின் நிலை.
நான்கு, விதியின் எழுத்தால் தகுதி மறுக்கப்படல். அன்னா மணியின் நிலை.
ஐந்து, வாயிலே அடைக்கப்படல், பெஸ்ஸியின் நிலை.

இவற்றுள் முதல் நான்கிலும் பகைவர் என்று எவரையும் சுட்ட இயலாது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அன்புள்ள தந்தை, மதித்த தம்பி, மோதிரம் ஈந்த நண்பர், விதியைக் காத்த அலுவலர் ஆகியோரே அங்கு உளர். பகைமையால் மறைவதைக் காட்டிலும் வழக்கத்தால் மறைவதே மிகுதி. பகையை எதிர்க்கலாம், வழக்கத்தையோ முதலில் கண்டறிய வேண்டும்.

நிறைவுரை

இனி நம் இல்லத்தை நோக்குவோம். நம் சமுதாயத்தில் சில ஊர்களின் திருமண அழைப்பிதழ்களில் மணமகன் பெயர் பெரிய எழுத்தில் விளங்க, மணமகள் இன்னாரின் மகள் என்ற அளவில் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறோம். பெண்ணின் மதிப்பைக் கருதிப் பெரியோர் மேற்கொண்ட வழக்கம் அது. குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும் நம் மரபு அதுமட்டும்தானா என்று பெரியோரை வணங்கிக் கேட்கிறோம். நபிமொழிகளை அறிவித்த பெண்மணிகளின் பெயர்களை நம் அறிஞர்கள் மறைக்கவில்லை. பெயரும் தந்தை பெயரும் ஊரும் ஆய்ந்து எழுதினர். கி.பி. 1497இல் மறைந்த இமாம் ஸகாவி, தம் நூற்றாண்டுச் சான்றோர் வரலாற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாக எழுதி, இறுதித் தொகுதி முழுவதையும் பெண்களுக்கே ஒதுக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பெயரோடு இடம் பெற்றுள்ளனர். பெயரை எழுதுவதும் நம் மரபே. அதுவே தொன்மையான மரபும் ஆகும்.

எம் குடும்பத்தில் அரபுத்தமிழ்க் கையேடு ஒன்று உளது. எம் பாட்டனாரின் அன்னை, தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கத் தம் கையாலேயே எழுதிவைத்தது. முதற்பக்கத்தில் பாட்டனாரின் தந்தை பெயர் உண்டு. எழுதியவர் பெயர் இல்லை. ஓதிக்கொடுக்கும் உம்மா என்றே ஊரார் அவரை அழைத்தனர். அவருடைய இயற்பெயரை எம் வாப்பாவிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. அறிந்திருந்தோர் அனைவரும் மறைந்த பின்னரே நமக்குக் கேட்கத் தோன்றியது. பாரி மகளிரின் பெயரைக் கேட்கும் மாணவருக்கு விடை கூறும்போதெல்லாம் அக்கையேடு எம் நினைவுக்கு வருகிறது.

ஆதலின் மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் அமர்ந்து, அவர்கள் அறிந்த கலை யாது, கற்பித்தவர் யார் என்று கேளுங்கள். விடையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதும்போது உறவுமுறையோடு நிறுத்திவிடாது, இயற்பெயரையும் ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாதவற்றைப் புனையவேண்டா, தெரிந்தவற்றை விடவும் வேண்டா. அக்குறிப்பேடுகளைத் தமிழ்த்துறையில் ஒப்படைப்பின், துறை நூலகத்தில் தனி அடுக்கில் வைத்துக் காப்போம். பிற்காலத்தில் ஒரு மாணவர் வந்து, இதை எழுதியவர் பெயர் என்ன என்று வினவும்போது, விடை அந்த ஏட்டின் முதற்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும்.